மதில் விழுந்தது, கணக்கு முடியவில்லை!

சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடக்கும் தோழர்கள் இன்று காண்பது என்ன? மருத்துவமனை! அதையொட்டி மருத்துவக் கல்லூரி! புத்தகம் ஏந்திய மாணவர் கூட்டம்! ஆனால் அந்தக் கல்லூரிக் கட்டடங்களில் ஒன்று நிற்கும் மண்ணில் முன்பு நின்றது வேறு. உயர்ந்த மதில், இரும்புக் கதவு, இருட்டுக் கொட்டடி! ஆம், சென்னை மத்தியச் சிறை!

1837இல் வெள்ளையன் எழுப்பியது அது. அவன் கப்பலேறிய பிறகும் அது நின்றது. கொடி மாறியது, கொட்டடி மாறவில்லை. 2006இல் கைதிகளைப் புழலுக்குக் கொண்டு போனார்கள். 2009இல் சில நாள் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். பிறகு இடித்தார்கள்.

பழமை போற்றும் சில நண்பர்கள் இன்னமும் பெருமூச்சு விடுகிறார்கள். "1839இல் எழுந்த கடற்கரைப் போலீஸ் தலைமையகத்தை 1993இல் இடிக்க முனைந்தபோது எதிர்ப்புக் கிளம்பியதே! வழக்கு நடந்ததே! மாளிகை தப்பியதே! அதைவிட மூத்த சிறைக்குப் பரிந்து பேச ஆளில்லையே!" என்கிறார்கள்.

மாளிகை வேறு, சிறை வேறு என்கிறோம் நாம். மாளிகையின் அழகைத் தூணிலே காணலாம். சிறையின் வரலாறு செங்கல்லில் இல்லை. உள்ளே கிடந்தவன் உடம்பில் இருக்கிறது!

யார் யார் கிடந்தார்கள்? 1932இல் வங்கத்துச் சுபாஷ் சந்திர போஸ். அதன்பின் வந்தது 1938! ஆச்சாரியார் ஆட்சி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. தமிழகம் பொங்கி எழுந்தது. கைதானோர் 1,198 பேர்! அவர்களில் பண்டிதர் உண்டு, பாட்டாளி உண்டு. கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் உண்டு. அந்த அணிவகுப்பில் வந்த இருவர், சென்னை நடராசன், குடந்தைத் தாளமுத்து. ஏழைகள், பட்டம் பெறாதவர்கள், பதவி கேட்காதவர்கள். சிறையில் நோய் கண்டது. அருகிலிருந்த பொது மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். 1939 ஜனவரி 15இல் நடராசன் மாண்டார். மார்ச்சில் தாளமுத்து மாண்டார். இருவரையும் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி போயிற்று. அதைப் பார்க்க அந்த இருவரும் இல்லை!

1963 நவம்பரில், அரசியல் சட்டத்தின் பதினேழாவது பகுதியைக் கொளுத்தப் புறப்பட்ட அண்ணா கைதானார். ஆறு மாதத் தண்டனை, இதே சிறை!

1976இல் நெருக்கடி நிலை. ஜனவரி 31இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா என்ற பெயரால் தோழர்களை அள்ளிச் சென்று இங்கே அடைத்தார்கள். அடைத்ததோடு விட்டார்களா? தடியால் தாக்கினார்கள்! அந்தச் சிறைவாசத்தில் சீர்குலைந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் மறைந்தார். பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. தடியடி நடந்தது உண்மை என்று எழுதி வைத்தது.

2001 ஜூன் 30. கலைஞரைக் கைது செய்து கொண்டுவந்ததும் இந்தச் சிறை வாயிலுக்குத்தான். எட்டு ஆண்டு கழித்து, அதே சிறையை இடித்தபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவரும் அவரே! கொண்டுவந்து அடைத்தார்கள்; அவர் ஆட்சி இடித்து மருத்துவம் படிக்க இடமாக்கிற்று. எலும்பை முறித்த இடத்தில் எலும்பைச் சேர்க்கும் கல்வி! இதற்கா கண்ணீர் விடுவோம்?

ஆனால், தோழர்களே, மதில் விழுந்தது கண்டு மகிழ்ந்தால் மட்டும் போதாது. மதில் இருந்தவரை, "அப்பா, அது என்ன?" என்று பிள்ளை கேட்டான், தகப்பன் சொன்னான். இன்று கேட்க மதில் இல்லை. ஆகவே கேளாமலே சொல்லியாக வேண்டும். அடித்தவன் எதை நம்பி அடிக்கிறான்? சட்டத்தையா? இல்லை, நமது மறதியை!

தடியும் இன்னும் விழவில்லை. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்டு மாண்டார்கள். 2025இல் திருப்புவனம் போலீசார் விசாரணைக்கு அழைத்துச் சென்ற கோயில் காவலாளி உயிரோடு வீடு திரும்பவில்லை. ஆட்சியில் யார் என்று பார்த்தா வலியை அளப்பது? ஒன்று எடப்பாடியார் காலம், மற்றொன்று கழக ஆட்சிக் காலம் என்று கட்சி பிரித்தா கண்ணீர் வடிப்பது? சிட்டிபாபுவுக்காகக் குமுறிய நெஞ்சம், பேர் தெரியாத ஏழைக்காகவும் குமுற வேண்டும். இல்லையேல் மத்தியச் சிறையில் நாம் கற்ற பாடம் என்ன?

ஜனவரி 25, மொழிப்போர் ஈகியர் நாள். அன்று மூலக்கொத்தளத்தில் மலர் தூவுகிறோம். தூவுவோம்! திரும்பும் வழியில் மருத்துவக் கல்லூரி வாசலில் ஒரு கணம் நிற்போம். உடன் வரும் இளைஞனிடம் சொல்வோம்: "தம்பி, இங்கே ஒரு சிறை இருந்தது. இதன் உள்ளே சென்ற இருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. இனி எந்தச் சிறையிலும், எந்தக் காவல் நிலையத்திலும் அப்படி ஒருவர் மாளக்கூடாது!"

கல்லை இடிக்க எந்திரம் போதும். கொடுமையை இடிக்க மக்கள் வேண்டும்!