குருதிப் புற்றிலிருந்து நுரையீரற் புற்றுக்கு: ஹிரோயுக்கி மானோவின் ஆய்வுநெறி

மருத்துவ விஞ்ஞானம் நெடுங்காலமாக நோய்களை உறுப்புகளின் பெயராலேயே வகுத்து வந்துள்ளது. இதய நோய், ஈரல் நோய், நுரையீரல் நோய், குருதி நோய் என அமைந்த இப்பகுப்பே மருத்துவமனை விடுதிகளையும் பல்கலைக்கழகத் துறைகளையும் மருத்துவரின் பயிற்சியையும் தீர்மானித்துள்ளது. நோயாளியைப் பராமரிப்பதற்கு இப்பகுப்பு வசதியானதே. ஆயினும் நோயின் காரணம் உறுப்பின் எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டும் ஆய்வு வரலாறுகளுள் யப்பானிய மருத்துவ விஞ்ஞானி ஹிரோயுக்கி மானோவின் வரலாறும் ஒன்றாகும். குருதி நோய்த் துறையில் வளர்ந்த அவரும் அவருடைய குழுவினரும் 2007 ஆம் ஆண்டு நுரையீரற் புற்றுநோயின் ஒரு வகைக்குரிய மூலகாரணத்தைக் கண்டறிந்தனர். அது எவ்வாறு இயலுமாயிற்று என்பதை விளக்குவதும், அத்தகைய அறிவின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. குருதிப் புற்றுநோய் தந்த பாடம்

1960 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நவல், டேவிட் ஹங்கர்போட் ஆகிய இருவர், நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயின் ஒரு வகையில் வழமைக்கு மாறான சிறிய நிறமூர்த்தமொன்று காணப்படுவதை அறிவித்தனர். 1973 இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜெனற் ரௌலி, 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதனாலேயே அது தோன்றுகின்றது எனக் காட்டினார். அவ்வாறு ஒட்டும் இடத்தில் இரு வேறு பரம்பரையலகுகள் இணைந்து புதியதொரு பரம்பரையலகாகின்றன என்பது 1980களில் தெளிவாயிற்று. இவ்விணைவுப் பரம்பரையலகு உருவாக்கும் புரதம் ஒரு தைரோசின் கைனேசு நொதியமாகும். கலத்தைப் பெருகுமாறு தூண்டும் சைகை வேண்டும்போது எழுந்து, வேண்டாதபோது அடங்க வேண்டும். இந்நொதியமோ ஓயாது சைகை எழுப்பிய வண்ணமே இருக்கும். அதனைத் தடுக்கும் இமாற்றினிப் என்னும் மருந்து 2001 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நிறமூர்த்தத்தைக் கண்டதற்கும் மருந்தைக் கைக்கொண்டதற்கும் இடையே 41 ஆண்டுகள் கழிந்தன.

இத்தகைய இணைவுப் பரம்பரையலகுகள் குருதிப் புற்றுநோய்களுக்கே சிறப்பாக உரியவை என்றும், நுரையீரல், குடல், மார்பகம் முதலிய உறுப்புகளின் மேலணி இழையத்திலே தோன்றும் புற்றுநோய்களில் அரிதானவை என்றும் கருதப்பட்டு வந்தது. அக்கருத்து, நோயின் இயல்பைவிட ஆய்வின் வசதியையே பெரிதும் பிரதிபலித்தது எனலாம். குருதிக் கலங்களை ஊசியொன்றினால் எளிதிற் பெறலாம். அவற்றின் நிறமூர்த்தங்களைப் பரப்பிப் பார்க்கலாம். திண்மக் கட்டிகளின் நிறமூர்த்தங்களோ பலவாறாகச் சிதைந்து கிடப்பவை. முதன்மையான மாற்றம் எது, பின்விளைவு எது எனப் பிரித்தறிவது கடினம். காணப்படாத ஒன்று இல்லாத ஒன்றாகவே எண்ணப்பட்டது.

2. குருதி நோய் ஆய்வாளராக

மானோ 1984 இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய தொடக்ககால ஆய்வுகள் தைரோசின் கைனேசுகளைப் பற்றியனவாகவே அமைந்தன. 'டெக்' எனப் பெயரிடப்பட்ட புதிய கைனேசு ஒன்றை அவர் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1990 இல் அறிவித்தார். ஐக்கிய அமெரிக்காவின் மெம்பிசு நகரிலுள்ள சென். யூட் சிறுவர் ஆய்வு மருத்துவமனையில், குருதிக் கலங்களின் வளர்ச்சிச் சைகைகளை ஆராய்ந்த யேம்சு ஐலின் ஆய்வுகூடத்திலும் அவர் பணிபுரிந்தார். பின்னர் யப்பானின் யிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் அவரது ஆய்வுக்களமாயிற்று.

அங்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று, என்புமச்சை முதிர்ந்த குருதிக் கலங்களைச் செவ்வனே உருவாக்கத் தவறும் நோய்த் தொகுதியாகும். அது சிலரில் கடும் வெண்குருதிப் புற்றுநோயாக முற்றுவதுமுண்டு. இந்நோயாளியின் மச்சையையும் வேறொருவரின் மச்சையையும் அப்படியே ஒப்பிட்டால் ஒரு சிக்கல் எழும். காணப்படும் வேறுபாடு நோயினால் விளைந்ததா, அன்றி இரு மச்சைகளிலும் உள்ள கலவகைகளின் விகிதம் வேறாயிருப்பதால் விளைந்ததா என்பது புலப்படாது. எனவே மானோவின் குழுவினர் முதிராத மூலக்கலங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒத்ததை ஒத்ததுடன் ஒப்பிட்டுப் பரம்பரையலகுகளின் செயற்பாட்டை ஆராய்ந்தனர். 2001 இல் இம்முறையிற் பெற்ற முடிபுகள் வெளிவந்தன. அவ்வாறு பிரித்தெடுக்கப்படும் கலங்கள் மிகச் சிலவே. சிறிதளவான நோயாளி இழையத்திலிருந்து பேரளவான செய்தியைப் பெறும் வழிகளைத் தேடவேண்டிய நிலையைக் குருதி நோயே அவர்களுக்கு ஏற்படுத்தியது.

3. கண்டுபிடித்த முறை

புற்றை விளைக்கும் பரம்பரையலகைத் தேடுவதற்கு 1980களில் ஒரு முறை வழக்கிலிருந்தது. புற்றுக்கலத்தின் டீ.என்.ஏ.யைச் சுண்டெலியின் நாரரும்பர்க் கலங்களுட் செலுத்தி, அவற்றுள் எவை கட்டுப்பாடின்றிப் பெருகிக் குவிகின்றன என நோக்குவர். குவிந்த கலங்களினுட் சென்ற பரம்பரையலகே குற்றவாளி. இம்முறை பயன்தந்ததாயினும் ஒரு குறைபாடு உடையது. ஒரு பரம்பரையலகு தனக்குரிய ஆளியினாலேயே இயங்குகின்றது. நுரையீரற் கலத்தில் இயங்கும் ஆளி நாரரும்பர்க் கலத்திலும் இயங்கும் என்பது நிச்சயமன்று. ஆளி இயங்காதெனின், குற்றவாளி உள்ளே இருந்தும் அகப்படாது.

மானோவின் குழுவினர் இக்குறையை நீக்கினர். கட்டியிலுள்ள தூது ஆர்.என்.ஏ.க்களை டீ.என்.ஏ. ஆகப் பிரதிசெய்து பெருக்கி, அப்பிரதிகள் ஒவ்வொன்றையும் ஒரு வைரசின் வலிய ஆளியுடன் பிணைத்தனர். இப்போது எந்தப் பரம்பரையலகும் நாரரும்பர்க் கலத்தில் இயங்கியே தீரும். சிறு இழையத்துண்டு ஒன்றே போதுமானதாயிற்று.

புகைபிடிக்கும் வழக்கமுடையவராயிருந்த 62 வயது ஆண் ஒருவரிடமிருந்து சத்திரசிகிச்சை மூலம் அகற்றப்பட்ட நுரையீரற் புற்றிழையத்தை இம்முறைக்கு உட்படுத்தியபோது விந்தையான பரம்பரையலகு ஒன்று வெளிப்பட்டது. அதன் முற்பகுதி ஈ.எம்.எல்.4 என்னும் பரம்பரையலகிலிருந்து வந்தது, பிற்பகுதி ஏ.எல்.கே. என்னும் தைரோசின் கைனேசுப் பரம்பரையலகிலிருந்து வந்தது. குருதி மருத்துவர் ஒருவருக்கு ஏ.எல்.கே. புதியதன்று. 1994 இல் நிணநீர்ப் புற்றுநோயின் ஒரு வகையில், 2 ஆம், 5 ஆம் நிறமூர்த்தங்களின் இணைவிலே முதன்முதலாக இனங்காணப்பட்ட பரம்பரையலகு அதுவே. அதன் பெயரும் அந்நோயின் பெயரிலிருந்தே வந்தது.

இவ்விணைவு அதுகாறும் ஏன் புலப்படவில்லை? இரு பரம்பரையலகுகளும் 2 ஆம் நிறமூர்த்தத்தின் ஒரே குறும்புயத்தில், ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் மூலச்சோடிகள் இடைவெளியில், ஒன்றுக்கொன்று எதிரான திசையில் அமைந்துள்ளன. இடையிலுள்ள துண்டு தலைகீழாகத் திரும்பும்போது அவை இணைகின்றன. நிறமூர்த்தத்தின் வெளித்தோற்றத்தில் இம்மாற்றம் எளிதிற் தெரிவதில்லை. இணைந்த புரதத்தில் ஈ.எம்.எல்.4 இன் பகுதி இரு மூலக்கூறுகளைச் சோடியாகப் பிணைக்கின்றது, அதனால் ஏ.எல்.கே. இடையறாது இயங்குகின்றது. குழுவினர் பரிசோதித்த 75 நோயாளிகளுள் ஐவரில் இவ்விணைவு காணப்பட்டது.

மனாபு சோடாவை முதலாசிரியராகக் கொண்ட இவ்வாய்வு 2007 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. அதே ஆண்டில் வேறொரு குழுவும் புரதங்களை ஆராயும் வழியால் நுரையீரற் புற்றில் ஏ.எல்.கே. இணைவுகளைக் கண்டது. 2008 இல் மானோவின் குழுவினர் இப்பரம்பரையலகை நுரையீரற் கலங்களில் மட்டும் இயங்கும் வகையிற் சுண்டெலிகளுட் புகுத்தினர். பிறந்து சில வாரங்களுக்குள் அவற்றின் நுரையீரல்களிற் புற்றுக்கட்டிகள் நிறைந்தன, ஏ.எல்.கே.யைத் தடுக்கும் பொருளை வழங்கியபோது அக்கட்டிகள் சுருங்கின. இணைவு நோயின் உடனிகழ்ச்சியன்று, நோயின் காரணமே என்பது இதனால் உறுதியாயிற்று.

4. மருந்தும் எதிர்ப்பும்

வேறொரு கைனேசைக் கருதி உருவாக்கப்பட்டு, ஏற்கெனவே மனிதரிற் பரிசோதிக்கப்பட்டு வந்த கிரிசோற்றினிப் என்னும் மருந்து ஏ.எல்.கே.யையும் தடுக்க வல்லது. 2010 இல் வெளிவந்த பரிசோதனை முடிபின்படி, இவ்விணைவுடைய 82 நோயாளிகளுள் 57 சதவீதமானோரின் கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின. 2011 ஓகத்தில் ஐக்கிய அமெரிக்கா இம்மருந்தை அங்கீகரித்தது. வெண்குருதிப் புற்றில் 41 ஆண்டுகள் எடுத்த பாதை இங்கு நான்கு ஆண்டுகளிற் கடக்கப்பட்டது. இதனைத் தனியொருவரின் மேதைமைக்குரியதாக நாம் கொள்ளலாகாது. முன்னையோர் பலரின் உழைப்பு அப்பாதையை முன்னரே செப்பனிட்டிருந்தது.

குருதிப் புற்றின் பாடம் இத்துடன் முடியவில்லை. இமாற்றினிப் பெற்ற சிலரில், மருந்து சென்று பொருந்தும் இடத்தின் வாயிலிலுள்ள அமினோவமிலம் ஒன்று மாறி நோய் மீள்வது 2001 இல் அறியப்பட்டிருந்தது. 2010 இல் மானோவின் குழுவினர், கிரிசோற்றினிப்புக்குப் பின் நோய் மீண்ட ஒருவரின் கலங்களில் இரு விகாரங்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று அதே வாயிலிடத்திலேயே அமைந்திருந்தது. இவ்வெதிர்ப்பை எதிர்கொள்ளப் புதிய மருந்துகள் வந்தன. அலெக்ற்றினிப் 2014 இல் யப்பானில் அங்கீகாரம் பெற்றது. லோர்லாற்றினிப்பை முதற் சிகிச்சையாகப் பெற்றோருள் 60 சதவீதமானோரில் ஐந்தாண்டுகளின் பின்னரும் நோய் முன்னேறவில்லை என்றும், கிரிசோற்றினிப் பெற்றோரில் இது 8 சதவீதமே என்றும் 2024 இல் வெளியான முடிபு காட்டியது. மானோ 2016 இல் யப்பானியத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆய்வு நிறுவகத்துக்குப் பணிப்பாளரானார்.

5. யாருக்கான அறிவு?

இக்கண்டுபிடிப்பின் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 2022 இல் உலகெங்கும் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் புதிதாக நுரையீரற் புற்றுக்கு உள்ளாயினர். ஏறத்தாழ 18 இலட்சம் பேர் மாண்டனர். ஏ.எல்.கே. இணைவு, மிகப் பொதுவான வகையான சிறுகலமல்லாத நுரையீரற் புற்றில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேரிலேயே காணப்படுகின்றது. புகையிலையைக் கட்டுப்படுத்துவதால் விளையும் நன்மையை எந்த மருந்தும் ஈடுசெய்யாது. அதே வேளை, இவ்விணைவுடையோரிற் பலர் இளவயதினர். புகைபிடியாதோர் அல்லது சிறிதளவே பிடித்தோர். நுரையீரற் புற்று நோயாளியை அவருடைய நோய்க்கு அவரையே குற்றவாளியாக்கி நோக்கும் மனப்பாங்கு விஞ்ஞானத்துக்கும் மனிதாபிமானத்துக்கும் ஒவ்வாதது.

இணைவைப் பரிசோதித்து அறியாதவிடத்து மருந்து பயன்படாது. மருந்தை வாங்க இயலாதவிடத்துப் பரிசோதனை பயன்படாது. இங்கும் குருதிப் புற்றின் வரலாறே வழிகாட்டுகின்றது. இமாற்றினிப்பின் ஒரு பளிங்கு வடிவத்துக்கு நோவாட்டிசு நிறுவனம் கோரிய ஆக்கவுரிமையைச் சென்னையிலுள்ள ஆக்கவுரிமை அலுவலகம் 2006 சனவரியில் மறுத்தது. அவ்வழக்கில் 2013 ஏப்பிரல் 1 ஆம் திகதி இந்திய உயர்நீதிமன்றம் அம்மறுப்பை உறுதிசெய்தது. மாதமொன்றுக்கு அந்நிறுவனத்தின் மருந்து ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவாக இருக்கையில், இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து ஏறத்தாழ 10,000 ரூபாவுக்குக் கிடைத்தது. 2015 இல் உலக சுகாதார நிறுவனம் இமாற்றினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

ஆகவே குருதிப் புற்று நுரையீரற் புற்றுக்கு இரு பாடங்களைக் கையளித்துள்ளது. நோயை அது தோன்றும் உறுப்பால் அன்றி அதனை இயக்கும் காரணத்தால் அறிதல் வேண்டும் என்பது முதலாவது. அவ்வாறு அறிந்ததன் பயன் நோயாளியின் பணப்பையால் வரையறுக்கப்படலாகாது என்பது இரண்டாவது. முதலாவது பாடத்தை மானோவும் அவர்போன்றோரும் ஆய்வுகூடத்தில் நிறைவேற்றினர். இரண்டாவதை நிறைவேற்றும் பொறுப்பு ஆய்வுகூடத்துக்கு வெளியேயுள்ள சமுதாயத்துக்கு உரியதாகும்.