பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் ஒரு பெரிய கோப்பை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. ஏறக்குறைய 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய சுமார் 2 கோடித் தேடல்கள் அதில் இருந்தன. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. தேடுபொறிகளை ஆராயும் பல்கலைக்கழகத்தாருக்கு நிஜமான தரவு கிடைப்பது அரிது. அதைக் கொடுக்க நினைத்தார்கள். பயனர் பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண்ணைப் போட்டார்கள், அந்தரங்கத்துக்கு அது போதுமென்று நம்பினார்கள். சில நாட்களில் கண்டனம் வெடித்ததும் கோப்பை அகற்றினார்கள். அதற்குள் பிரதிகள் எங்கெங்கோ போய்விட்டன. தொழில்நுட்பத் தலைமை அதிகாரி பதவி விலகினார். ஊழியர் இருவருக்கு வேலை போனது.

நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஓர் எண்ணை எடுத்து, அதன் கீழிருந்த தேடல்களை வரிசையாகப் படித்தார்கள். மரத்துப்போன விரல்கள். 60 வயதுத் தனி ஆண்கள். கண்ட இடத்திலெல்லாம் சிறுநீர் கழிக்கும் நாய். இதுவரை யாராகவும் இருக்கலாம். ஆனால் அதே எண், ஒரு சிற்றூரின் பெயரைப் போட்டு அங்கே தோட்டம் அமைத்துத் தருபவர்களைத் தேடியிருந்தது. ஒரு குறிப்பிட்ட குடியிருப்பில் விலைபோன வீடுகளைத் தேடியிருந்தது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட பலரைத் தேடியிருந்தது. ஊர், குடியிருப்பு, குடும்பப் பெயர் கிடைத்தபின் தபால்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஜார்ஜியா மாநிலத்தில் வசித்த 62 வயதுக் கைம்பெண் ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். பட்டியலில் கொஞ்சம் வாசித்துக் காட்டியதும், தான் தேடியவைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். தனித்தனியாக எந்தத் தேடலும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்று மாதத் தேடல்களையும் ஒரே சரமாகக் கோத்த அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. நம் பெயரில் நூறு பேர் இருக்கலாம். நம்மைப் போலவே வரிசையாகத் தேடியவர் இன்னொருவர் இருப்பது அரிது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. அந்தப் பெண் நோய்களைப் பற்றித் தேடிய பல தேடல்கள் தனக்காகத் தேடியவை அல்ல; தோழிகளின் கவலையைத் தீர்க்கத் தேடிக் கொடுத்தவை. அந்தச் சரத்தை மட்டும் ஒரு காப்பீட்டு நிறுவனம் பார்த்திருந்தால் அவரைத் தீராத நோயாளி என்று முடிவுகட்டியிருக்கும். ஆளைச் சரியாக அடையாளம் காட்டிவிட்டு அவரைப் பற்றித் தவறாகச் சாட்சி சொல்லும் ஆவணம் இது. ‘மறைக்க என்னிடம் எதுவுமில்லை’ என்பவர்கள் யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். அவர்களுக்கு ஒளிக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்காகத் தேடிய மருந்தின் பெயர் அவர்கள் கணக்கில்தான் ஏறுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு காவல்துறைப் பக்கமிருந்து வருகிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு, செனகலிலிருந்து குடியேறிய குடும்பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். சந்தேகிக்க எவரும் கிடைக்காத நிலையில், தீ வைப்புக்கு முந்தைய 15 நாட்களில் அந்த முகவரியைத் தேடியவர்கள் யார் என்று நீதிமன்ற ஆணையுடன் காவலர்கள் கூகுளிடம் கேட்டார்கள். பதின்வயதினர் மூவர் சிக்கினார்கள். இந்தப் பதிவுகளை வைத்திருப்பதே தவறு என்று அந்தக் குடும்பத்தின் உறவினர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு நா எழாது. ஆனாலும் இந்த ஆணை ஒருவரைச் சந்தேகித்துத் தொடங்கியதல்ல. தேடியவர் எல்லோரையும் சலித்து அதிலிருந்து சந்தேகத்தைப் பிறப்பித்தது. கொலராடோ உச்ச நீதிமன்றமும் 2023இல் இரண்டையும் சேர்த்தே சொன்னது: தேடல் வரலாற்றில் குடிமக்களுக்கு மாநில அரசமைப்பின்படி அந்தரங்க உரிமை உண்டு; காவலர்கள் நல்லெண்ணத்துடன் நடந்ததால் இந்தச் சான்று மட்டும் செல்லும். நான் இதில் கவனிப்பது அந்த 15 நாட்களை. பத்தாண்டுத் தேடல்களைக் குவித்து வைக்க இந்த வழக்கு நியாயமாகாது.

‘இன்காக்னிட்டோவில் தேடினால் போயிற்று’ என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. உலாவியின் அந்த முறை நம் கணினியில் தடத்தை வைப்பதில்லை, அவ்வளவுதான். அந்த முறையில் உலாவியவர்களின் தரவும் திரட்டப்பட்டது என்று 2020இல் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024இல் சமரசம் செய்துகொண்டது.

ஆக, பெயரை மறைப்பதாகத் தரும் உறுதிமொழி எனக்குப் போதவில்லை. எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்றுதான் கேட்க வேண்டும். 2020 ஜூனில் கூகுள், புதிதாகக் கணக்குத் தொடங்குவோரின் தேடல் பதிவுகள் 18 மாதத்தில் தானாக அழியும்படி அமைத்தது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்கள், அதாவது அதிகத் தேடல்களைக் குவித்து வைத்திருந்தவர்கள், தாங்களாகவே அமைப்புக்குள் போய் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டது.