விடுமுறையில் ஆய்வுக்கூடம் செல்லும் ஆசிரியர்கள்

கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் என்ன செய்வார்கள் என்று மாணவிகள் கேட்பதுண்டு. விடைத்தாள் திருத்துவார்கள், சொந்த ஊருக்குப் போவார்கள், அடுத்த ஆண்டிற்குப் பாடக் குறிப்பு எழுதுவார்கள். அமெரிக்க நாட்டில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, விஞ்ஞானிகளுடன் சேர்ந்து தம் கைகளாலேயே ஆராய்ச்சி வேலை பார்க்கிறார்கள்.

இத்தகைய திட்டங்களுள் ஒன்று குவார்க்நெட். சிக்காகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்திற்கும், திருச்சிலுவைச் சபைக் குரு ஒருவர் 1842-இல் நிறுவிய நோத்ர் தாம் பல்கலைக்கழகத்திற்கும் இதில் பெரும் பங்குண்டு. 1990-களின் இறுதியில் தொடங்கியது. புதிதாகச் சேரும் மையத்தில் முதல் கோடையில் இரண்டு ஆசிரியர்கள் எட்டு வாரம் ஆய்வுப் பணி செய்வது இதன் தொடக்க முறை. அவர்களில் பலர் காஸ்மிக் கதிர்களை எண்ணும் கருவியைத் தாமே உருவாக்குகிறார்கள்.

விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது மியூவான் என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. அவை இரவும் பகலும் மழைபோல் நம்மீது விழுந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் உள்ளங்கையை விரித்தால் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்று அதன் வழியே செல்லும். வலிக்காது, தெரியவும் தெரியாது.

இவற்றை எண்ணுவதற்கு ஒருவகைப் பிளாஸ்டிக் பலகை போதும். மியூவான் ஊடுருவும்போது அதில் மிக மங்கிய ஒளி தோன்றும். ஓரத்தில் பொருத்திய போட்டோமல்டிபிளையர் குழாய் அதை மின்துடிப்பாக மாற்றும். ஆனால் வெளி வெளிச்சம் ஊசிமுனையளவு புகுந்தாலும் எண்ணிக்கை தாறுமாறாக ஏறிவிடும். ஆகவே பலகைக்கு அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் கறுப்புக் காகிதம் சுற்றி, விளிம்பெல்லாம் கறுப்பு நாடா ஒட்ட வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் டார்ச்சும் கையுமாக ஓட்டை தேடுவதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! குழாய் தானாகவே பொய்த் துடிப்பும் தரும் என்பதால், இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் வரும் துடிப்பை மட்டுமே கணக்கில் கொள்வார்கள்.

இவ்வளவும் முடிந்து எண்ணத் தொடங்கினால் முதல் நிமிடம் 93 வரும், அடுத்த நிமிடம் 108, அதற்கடுத்தது 99. இவற்றுள் எது சரி? மூன்றுமே சரிதான். சராசரி 100 என்றால், பத்துப் பதினைந்து கூடுவதும் குறைவதும் இயற்கை. காற்றழுத்தம் உயர்ந்த நாளில் எண்ணிக்கை சற்றுக் குறையும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதற்கு விடை கிடையாது.

விடுமுறையைக் கருவியோடு கழித்த ஆசிரியர்கள் முற்காலத்திலும் இருந்தனர். காஸ்மிக் கதிர்களின் கதையிலேயே அப்படி ஒருவர் வருகிறார். அருட்தந்தை தியோடோர் உல்ஃப், இயேசு சபைக் குரு. ஹாலந்து நாட்டு வால்கன்பர்க்கில் தம் சபையின் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர். எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய எலெக்ட்ரோமீட்டர் ஒன்றைத் தாமே வடிவமைத்தார். 1910-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய், 300 மீட்டர் உயர ஈபிள் கோபுரத்தின் உச்சியில் வைத்து அளந்தார். காற்றை அயனியாக்கும் கதிர்கள் நிலத்திலிருந்தே வருகின்றன என்பது அன்றைய நம்பிக்கை. அப்படியானால் அந்த உயரத்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. தரையில் ஒரு கன சென்டிமீட்டரில் விநாடிக்கு 6 அயனிகள், உச்சியிலோ 3.5. பாதிக்குமேல் மிஞ்சியிருந்தது! உல்ஃப் அந்த எண்ணை மறைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி வெளியிட்டார். 1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ், உல்ஃப் வகைக் கருவிகளோடு பலூனில் 5,000 மீட்டருக்கும் மேலே சென்று, கதிர்கள் வானிலிருந்தே வருகின்றன என்று காட்டினார். 1936-இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இங்கே நம் செய்முறை வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 980 என்று வந்தே தீரவேண்டும் என்பதற்காக, அளவுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. உண்மையில் சென்னையில் அதன் மதிப்பு 978-ஐ ஒட்டியது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறையும். கோடை முழுவதும் 93-ஐயும் 108-ஐயும் பார்த்துத் திரும்பிய ஆசிரியை, "980 வந்ததா?" என்று கேட்கமாட்டார், "எத்தனை முறை அளந்தாய்?" என்றே கேட்பார். அவர் கொண்டுவரும் கருவியைவிட அந்தக் கேள்வி பெரிது என்பது என் எண்ணம்.

மியூவான்களைக் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. உதகமண்டலத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இவற்றை இடைவிடாது எண்ணிவருகிறது. 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று கடந்தபோது எண்ணிக்கை சுமார் 2 விழுக்காடு குறைந்தது. 18 நிமிடம் அப்படியே இருந்தது. அந்தச் சிறு குறைவைக் கொண்டு விஞ்ஞானிகள் மேகத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டனர்: 130 கோடி வோல்ட்.