மருத்துவமனைகளில் பாதுகாப்புக் குழுக்கள்

பூமிக்கு அடியில் இறங்கி வேலை செய்பவருக்கு அபாயம் உண்டு என்பதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். ஆனால் நோயாளியின் கட்டிலருகே நின்று வேலை செய்பவருக்கும் அபாயம் உண்டு என்பது பலருக்கு உடனே தோன்றுவதில்லை. மருத்துவமனை என்பது காயத்தை ஆற்றும் இடம். அங்கே காயம் எவ்வாறு உண்டாகும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் மருத்துவமனையும் ஒரு தொழிற்களமே. அங்கு வேலை செய்வோரைக் காக்கும் வழிகளுள் முக்கியமான ஒன்று, நிர்வாகத்தினரும் ஊழியரும் சேர்ந்து அமரும் பாதுகாப்புக் குழு ஆகும். அக்குழுவின் பயனை அறிந்துகொள்ள, சுரங்கமும் மருத்துவமனையும் அருகருகே இயங்கிய கோலார் தங்கவயலின் வரலாறு பெரிதும் உதவும்.

சுரங்கம் அளிக்கும் பாடம்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் நவீன முறையில் சுரங்க வேலையைத் தொடங்கினர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழரும் தெலுங்கரும் பெருந்திரளாக வந்து குடியேறினர். காலப்போக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசும், 1962ஆம் ஆண்டில் மத்திய அரசும் இச்சுரங்கங்களை ஏற்றன. 1972ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இங்குத் தங்கம், குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல் படிவங்களில் கலந்து கிடந்தது. வெண்கல்லைத் துளையிடும்போது சிலிக்கா என்னும் நுண்ணிய தூள் காற்றில் பரவுகிறது. கண்ணுக்குப் புலனாகும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மிக நுண்ணிய துகள்களோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை செல்கின்றன. அவற்றை விழுங்கி அழிக்க முயலும் உயிரணுக்கள் தாமே அழிந்துவிடுகின்றன. அவ்விடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு பெருகப் பெருக நுரையீரல் விரிந்து சுருங்கும் ஆற்றலை இழக்கிறது. இந்நோயே சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இந்நோய் உற்றவரைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

1940களில் தங்கவயலின் மருத்துவர்கள் சுரங்கத் தொழிலாளரின் நெஞ்சை எக்ஸ்-ரே மூலம் பரிசோதித்து, இந்நோய் அவர்களிடையே பரவியிருப்பதை ஆராய்ந்து வெளியிட்டனர். இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றிய முதல் ஆராய்ச்சிகளுள் இது ஒன்றாகும். இவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட டாக்டர் அந்தோணி கேப்லன் என்பார், பின்னர் வேல்ஸ் நாட்டு நிலக்கரித் தொழிலாளரிடம் கண்டு 1953ஆம் ஆண்டில் விவரித்த ஒரு நுரையீரல் நோய்க்குறித் தொகுதி அவர் பெயராலேயே வழங்குகிறது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் சிலிக்கோசிஸ், மருத்துவர் கண்டவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாயிற்று.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். நோயைக் கண்டறிந்த இடம் மருத்துவமனை. நோயைத் தடுக்க வேண்டிய இடமோ சுரங்கம். எக்ஸ்-ரே படம் எத்தனை தெளிவாயிருப்பினும் அது ஒருவரது நுரையீரலில் ஏறிய தூசியை இறக்காது. துளையிடும்போது நீரைப் பாய்ச்சித் தூளை ஈரமாக்குதல், காற்றோட்டத்தைப் பெருக்குதல், வெடி வைத்த இடத்திற்குத் தூசி அடங்கிய பின்னரே ஆட்களை அனுப்புதல் ஆகியவையே தடுப்பு முறைகள். எனவே, பதிவேட்டில் ஏறும் தகவல் வேலைத்தலத்தை மாற்றும் அதிகாரம் உடையோரிடம் போய்ச் சேர வேண்டும். பாதுகாப்புக் குழு இருப்பது இதற்காகவே.

தகவல் மறுதிசையிலும் செல்ல வேண்டும். ஆழம் மிகுந்த தங்கவயல் சுரங்கங்களில் பாறையின் அழுத்தம் தாங்காது திடீரென வெடித்துச் சிதறும் பாறை வெடிப்புகள் பல உயிர்களைக் கொண்டன. விஞ்ஞானிகள் நிலநடுக்கக் கருவிகளை நிறுவி இவ்வெடிப்புகளை ஆராய்ந்தனர். 1988ஆம் ஆண்டில் தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் தங்கவயலிலேயே அமைக்கப்பட்டது. எனினும், ஒரு குறிப்பிட்ட முகப்பில் அன்று காலை பாறை எவ்வாறு ஒலித்தது, எந்த முட்டு நெகிழ்ந்திருந்தது என்பதை முதலில் அறிபவர் அங்கு நிற்கும் தொழிலாளியே. அவர் அறிந்ததை மேலாளர் கேட்பதற்கு நிலையான ஓர் ஏற்பாடு வேண்டும். 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகளில் பின்னர்ச் சேர்க்கப்பட்ட பகுதி அத்தகைய ஏற்பாட்டை வகுத்தது. 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு சுரங்கத்திலும் மேலாளர் தலைமையில் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும்; அதில் அதிகாரிகளோடு தொழிலாளரும் இடம்பெற வேண்டும்; 30 நாட்களுக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும்; விபத்து விசாரணை அறிக்கைகளை அது ஆராய வேண்டும் என்பன அவ்விதிகளின் சாரம்.

மருத்துவமனையின் அபாயங்கள்

மருத்துவமனை ஊழியரை எதிர்நோக்கும் அபாயங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தொற்று. நோயாளியின் இரத்தம் படிந்த ஊசி ஊழியரின் விரலில் குத்தினால் நோய் பரவக்கூடும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ்-பி பரவும் வாய்ப்பு 100க்கு 6 முதல் 30 வரையிலும், ஹெபடைடிஸ்-சி பரவும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 2 ஆகவும், எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு 1,000க்கு ஏறத்தாழ 3 ஆகவும் கணக்கிடப்பட்டுள்ளன. காசநோய் காற்றின் வழியே பரவுவதால், சாளரம் மூடிய நெரிசலான அறை ஊழியருக்கும் நோயாளிக்கும் ஒருங்கே தீங்கு விளைவிக்கும். இரண்டாவது, இரசாயனப் பொருள்கள். கிருமிநாசினிகளும் புற்றுநோய் மருந்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது, எக்ஸ்-ரே முதலிய கதிர்வீச்சு. நான்காவது, உடல் உழைப்பின் மிகுதி. நோயாளியைத் தூக்கிக் கிடத்துவதால் இடுப்பில் உண்டாகும் வலியும், இரவு வேலையின் களைப்பும் இதில் அடங்கும். ஐந்தாவது, தாக்குதல். சிகிச்சைக்கு வந்தோரின் உறவினர் ஊழியர்மீது கைநீட்டும் நிகழ்ச்சிகள் பெருகியதை முன்னிட்டுத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலும் கர்நாடகத்தில் 2009ஆம் ஆண்டிலும் தனிச்சட்டங்கள் இயற்றப்பட்டன.

இவ்வபாயங்கள் டாக்டருக்கும் நர்சுக்கும் மட்டும் உரியன அல்ல. தரையைத் துடைப்பவர், துணி வெளுப்பவர், கழிவுப் பையைச் சுமப்பவர், பரிசோதனைக்கூட உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகிய அனைவரையும் அவை சாரும்.

சட்டம் கூறுவது யாது?

தொழிற்சாலைகளுள் அபாயகரமான வேலை நடைபெறுவனவற்றில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. மருத்துவமனை தொழிற்சாலை அன்று ஆதலின் அவ்விதி அதற்குப் பொருந்தவில்லை. 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம், எவ்வகை நிறுவனத்திலும் பாதுகாப்புக் குழு அமைக்குமாறு அரசு ஆணையிட வழி செய்கிறது. குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகப் பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்குக் குறையலாகாது என்றும் அது கூறுகிறது.

மருத்துவமனைகளுக்கே உரிய விதி ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, 30 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளில் கழிவு மேலாண்மையைக் கண்காணிக்க ஒரு குழு இருத்தல் வேண்டும். அது 6 மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். கூட்டக் குறிப்புகளை ஆண்டறிக்கையுடன் சேர்த்து அனுப்ப வேண்டும். அதனினும் சிறிய நிலையங்களில் தகுதி பெற்ற ஒருவர் இப்பொறுப்புக்கு நியமிக்கப்பட வேண்டும். ஊழியர் அனைவருக்கும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடுவதும், ஆண்டுதோறும் உடல்நிலையைப் பரிசோதிப்பதும் இவ்விதிகளில் அடங்கியுள்ளன.

குழு எவ்வாறு வேலை செய்கிறது?

ஓர் எடுத்துக்காட்டினால் இதை விளக்கலாம். ஒரு மருத்துவமனையில் துப்புரவு ஊழியப் பெண் ஒருவர் கழிவுப் பையைத் தூக்கும்போது பையினுள் கிடந்த ஊசி அவர் கையில் குத்திவிடுகிறது என்று கொள்வோம். உடனே செய்ய வேண்டியவை தெளிவானவை. காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், பிதுக்கிப் பிழியலாகாது. டாக்டரிடம் காலந்தாழ்த்தாது செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்படின், அதைச் சில மணி நேரத்திற்குள்ளாகவும், எவ்வாறாயினும் 72 மணி நேரத்திற்கு உட்பட்டும் தொடங்க வேண்டும்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் அடுத்த மாதம் மற்றொருவர் கையில் ஊசி குத்தும். குழு கேட்க வேண்டிய கேள்வி, "குற்றம் யாருடையது?" என்பதன்று, "ஊசி அந்தப் பைக்குள் எவ்வாறு வந்தது?" என்பதே. விசாரித்ததில், ஊசிகளைப் போட வேண்டிய துளைபடாத வெள்ளைப் பெட்டி வார்டின் கடைக்கோடியில் வைக்கப்பட்டிருந்ததும், இரவில் ஒரே நர்சு பல நோயாளிகளைக் கவனித்ததால் அவ்வளவு தூரம் செல்ல இயலாது போனதும் தெரியவருகின்றன. பெட்டியை மருந்துத் தள்ளுவண்டியிலேயே பொருத்துவதென்று குழு முடிவு செய்கிறது. யார் செய்வது, எந்தத் தேதிக்குள் செய்வது என்பதும் குறிக்கப்படுகின்றன. அடுத்த கூட்டத்தில் முதல் வேலை, அது செய்யப்பட்டதா என்று பார்ப்பதே.

தங்கவயல் காட்டிய முறையும் இதுவே. தொழிலாளியை முகமூடி அணியச் சொல்வதைவிடத் தூசியை எழாமல் செய்வது சிறந்தது. அதுபோல, ஊழியரை எச்சரிக்கையாயிருக்கச் சொல்வதைவிட ஊசியைப் பைக்குள் விழாமல் செய்வது சிறந்தது. கையுறையும் முகமூடியும் அவசியமே; ஆனால் அவை கடைசி அரண்; முதல் அரண் ஆகா.

மௌனத்தின் விலை

குழு அமைத்துவிட்டால் மட்டும் போதாது. தகவல் தருவதால் தமக்குத் தீங்கு நேரும் என்று ஊழியர் அஞ்சினால், குழுவின் முன் எத்தகவலும் வாராது. இருமலைச் சொன்னால் சுரங்க வேலை போய்விடுமோ என்று அஞ்சும் தொழிலாளி இருமலை மறைப்பார். ஊசி குத்தியதைச் சொன்னால் கவனக்குறைவு என்று கண்டிக்கப்படுவோமோ, ஒப்பந்தக்காரர் மறுநாள் வேலை தராமற்போவாரோ என்று அஞ்சும் பெண் விரலைக் கழுவிவிட்டுப் பேசாதிருப்பார். மறைக்கப்பட்ட காயத்திற்குச் சிகிச்சையும் இல்லை. அதன் காரணம் நீங்குவதும் இல்லை.

ஆகவே, நல்ல குழுவிற்குச் சில அடையாளங்கள் உண்டு. தகவல் தந்தவர் தண்டிக்கப்படுவதில்லை என்ற உறுதி எழுத்தில் இருக்கும். நிரந்தர ஊழியரேயன்றி ஒப்பந்த ஊழியரும் அதில் உறுப்பினராவர். கூட்டம் அவர்கள் அறிந்த மொழியில் நடைபெறும். கர்நாடகத்தில் அமைந்து, தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் தங்கவயல் போன்ற ஊரில் இது சிறிய செய்தியன்று. காயம் படாது தப்பிய நிகழ்ச்சிகளும் பதிவேட்டில் எழுதப்படும். ஏனெனில் இன்று தப்பியது நாளைய விபத்தின் முன்னறிவிப்பு. ஆய்வாளர் வருவதற்கு முன்தினம் மட்டும் கூடும் குழு, பெயரளவில்தான் குழுவாகும்.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் கள ஊழியர், தம் நிலையத்தில் கழிவுப் பொறுப்பாளர் யார் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தமக்கும் உடன் வேலை செய்வோருக்கும் தடுப்பூசித் தவணைகள் முழுமையாகப் போடப்பட்டனவா என்று பார்த்தல் வேண்டும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், நிகழ்ச்சி, எடுத்த நடவடிக்கை என்னும் நான்கு பத்திகள் வரைந்து, சிறு காயங்களையும் எழுதிவந்தால், ஓராண்டில் அபாயம் எங்கே குவிகிறது என்பது தானே விளங்கும்.

ஆசிரியர்கள் பள்ளிச் சோதனைக்கூடத்தையே பாடமாகக் கொள்ளலாம். உடைந்த கண்ணாடிக் குழாயை எங்கே போடுவது என்று மாணவரையே ஆராய்ந்து முடிவு செய்யச் சொன்னால், பாதுகாப்புக் குழு என்பது யாது என்பதை அவர்கள் செயலால் அறிவர். அம்மாணவருள் பலர் நாளை மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யப் போகிறவர்கள்.

2021ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று கடுமையாயிருந்தபோது, தங்கவயலில் நெடுநாள் மூடிக் கிடந்த சுரங்க மருத்துவமனைக் கட்டடம் தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் துப்புரவு செய்யப்பட்டு, நோயாளிகளுக்காகப் படுக்கைகள் இடப்பட்டன. ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளரின் காயங்களுக்குக் கட்டுப்போட்ட கூடங்களில், அப்போது நோயாளியோடு பணியாளரும் அபாயத்தைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. நோயாளியைக் காப்பவரைக் காப்பது யார் என்னும் கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது. அதற்கு விடை, தனியொருவரின் துணிச்சலில் இல்லை. அபாயத்தை முதலில் காண்பவரும் அதை நீக்கும் அதிகாரம் உடையவரும் மாதந்தோறும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, சென்ற மாதம் முடிவு செய்தது நிறைவேறியதா என்று கேட்டுக்கொள்ளும் வழக்கத்திலேயே அது இருக்கிறது.