சுரங்கத்துக்குள் போன மஞ்சள் குருவி

குழந்தைகளே, ஆங்கிலப் பத்திரிகை படிக்கும் பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கும். அதில் ‘கேனரி இன் அ கோல் மைன்’ என்ற தொடர் கண்ணில் பட்டிருக்கலாம். நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு கேனரிக் குருவி என்பது நேர்ப்பொருள். பெரிய ஆபத்து ஒன்றை எல்லோருக்கும் முன்னால் காட்டிக்கொடுக்கும் சின்ன அறிகுறியை அப்படிச் சொல்வார்கள். கடல் சூடாகி வருவதைப் பற்றி எழுதுகிறவர்கள், வெளுத்துப்போகும் பவளப்பாறைகளை இந்தத் தொடரால்தான் குறிப்பிடுவார்கள்.

ஆங்கில மரபுத்தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அந்தக் குருவி நிஜமாகவே சுரங்கத்துக்குள் போனது. எத்தனையோ பேரின் உயிரையும் காத்தது.

1896 ஜனவரியில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், டைலர்ஸ்டவுன் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் அங்கே போய் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தார். வெடிப்பில் சிக்கியோ தீயில் கருகியோ செத்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடிப்புக்குப் பிறகு சுரங்கத்துக்குள் பரவிய ஒரு வாயு என்று கண்டுபிடித்தார். அதுதான் கார்பன் மோனாக்சைடு.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கில் ஏறினால் தும்மல்கூட வராது. நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற பொருள் ஆக்சிஜனை உடம்பெங்கும் சுமந்துகொண்டு போகிறது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு கார்பன் மோனாக்சைடு அந்த ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பேருந்தில் எல்லா இருக்கைகளிலும் ஒரு கூட்டம் ஏறி உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை எழுந்திருக்காவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஆக்சிஜனின் கதி அதுதான். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், கடைசியில் மரணம். ஹால்டேன் இந்த வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்து, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று குறித்துவைத்தவர். நீங்கள் ஒருபோதும் செய்யக்கூடாத சோதனை அது!

சுரங்கத்துக்குள் சின்னப் பிராணிகளைக் கொண்டுபோகலாம் என்று அவர் யோசனை சொன்னார். சின்ன உடம்பு வேகமாக மூச்சு விடும், வேகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் மனிதனுக்கு முன்பாகவே அதன் ரத்தத்தில் விஷம் ஏறிவிடும். சுண்டெலிகூட இதற்குப் போதும். ஆனால் குருவியின் நுரையீரல் இன்னும் விசேஷமானது. நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் பறவைகளுக்கு உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியே போய்க்கொண்டே இருக்கும். நல்ல காற்று போகிற அதே வேகத்தில் கெட்ட காற்றும் போகும். சுண்டெலி மயங்கினால் தூங்குகிறதோ என்று தோன்றலாம். கம்பியில் உட்கார்ந்திருக்கும் குருவி மயங்கினால் கீழே விழும். விளக்கு மங்கலான சுரங்கத்தில் அது சட்டென்று தெரியும்.

குருவி பாவம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? ஹால்டேனுக்கும் தோன்றியிருக்கிறது. அவர் வடிவமைத்த கூண்டு ஒன்றின் மேல்பக்கத்தில் சின்ன ஆக்சிஜன் உருளை பொருத்தியிருக்கும். முன்பக்கம் வட்டமான சிறு கதவு. குருவி தள்ளாடத் தொடங்கியதும் கதவை அடைத்து, உருளையைத் திறந்துவிட்டால் கூண்டுக்குள் ஆக்சிஜன் நிறையும், குருவி பிழைத்துக்கொள்ளும். மனிதர்கள் வெளியே ஓடுவார்கள். பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை கேனரிகள் வேலை பார்த்தன. மின்னணுக் கருவிகள் வந்து அந்த இடத்தைப் பிடித்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட குருவிகள் ஓய்வு பெற்றன. அவற்றோடு பேசியும் விசிலடித்தும் பழகிய தொழிலாளர்களுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது.

 

இன்னொரு தொடரிலும் விஷம் இருக்கிறது. ‘மேட் அஸ் அ ஹேட்டர்’ என்றால் தொப்பி செய்கிறவரைப் போல் பித்துப் பிடித்தவர் என்று பொருள். தொப்பிக்கும் பித்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காலத்தில் முயல் ரோமத்தை அழுத்தி ஃபெல்ட் துணி ஆக்கித் தொப்பி செய்வார்கள். ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள அதன்மேல் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். அதை மூடிய அறையில் சூடாக்கும்போது பாதரச ஆவி கிளம்பும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் ஆடும், காரணமில்லாமல் கோபம் வரும், மனிதர்களைக் கண்டாலே கூச்சம் வரும். அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரில் இதற்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர் வைத்தார்கள். அந்நாட்டில் 1941இல்தான் தொப்பித் தொழிலில் பாதரசத்துக்குத் தடை வந்தது. தொடர் இதிலிருந்துதான் பிறந்ததா என்பதில் மொழி அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நோய் மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நோயாளிகளைப் பார்த்து ஊர் சிரித்தது என்பதுதான் மனசைப் பிசைகிறது.

‘ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்’ என்றால் எப்போதாவது ஒரு முறை, அதாவது அத்தி பூத்தாற்போல. நிலா நீலமாக ஆகுமா? இன்று ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியைத்தான் ‘ப்ளூ மூன்’ என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அப்படி ஒன்று வந்தது. அன்றைக்கு நிலா வழக்கமான நிறத்தில்தான் இருந்தது. ஆனால் நிலா நிஜமாகவே நீலமானதும் உண்டு. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது நுண்ணிய துகள்கள் வானத்தில் மிக உயரத்துக்குப் போய்ப் பரவின. துகள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில், சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தால், சிவப்பைச் சிதறடித்துவிட்டு நீலத்தையும் பச்சையையும் நம்மிடம் விடும். அடுத்த மாதம் சென்னையிலேயே சூரியன் பச்சையாகத் தெரிந்தது! அப்போது இங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். பிற்பாடு கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனவர் அவர்தான்.

எல்லாத் தொடர்களும் இப்படித் தேறிவிடுவதில்லை. ‘வௌவாலைப் போலக் குருடு’ என்பார்கள் ஆங்கிலத்தில். வௌவாலுக்குக் கண் நன்றாகவே தெரியும். நம் ஊர் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவாலின் முகத்தைப் பாருங்கள், எவ்வளவு பெரிய கண்கள்! கண்ணாலும் மூக்காலும்தான் அது பழத்தைத் தேடிப் போகிறது. எதிரொலியைக் கேட்டு இருட்டில் பூச்சி பிடிப்பவை வேறு வகை வௌவால்கள், அவையும் குருடல்ல. ஆபத்து வந்தால் தீக்கோழி தலையை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும் என்பதும் பொய். தரையில் தோண்டிய குழியில் முட்டையிட்டு, அவ்வப்போது தலையைக் குனிந்து அலகால் முட்டைகளைத் திருப்பிவிடும். தூரத்தில் நின்று பார்த்தவருக்குத் தலையே காணாமல் போயிருக்கும்!

முதலைக் கண்ணீருக்கு வருவோம். இது ஆங்கிலத்திலும் உண்டு, நம்மிடமும் உண்டு. பொய் அழுகைக்குச் சொல்வோம். இரையைத் தின்னும்போது முதலை அழுமா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கென்ட் விலியட் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர், முதலையின் நெருங்கிய உறவினங்களான அலிகேட்டரையும் கெய்மனையும் தேர்ந்தெடுத்தார். தண்ணீரில் இருந்தால் முகம் நனைந்திருக்கும், கண்ணீரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கரையில் இரை போட்டுப் படம் பிடித்தார். 2007இல் முடிவு வெளியானது. ஏழு பிராணிகளில் ஐந்துக்குக் கண்ணில் நீர் வந்தது. சிலவற்றுக்குக் கண்ணோரம் நுரையும் குமிழியும்கூட! தின்னும்போது அவை புஸ்ஸென்று சீறிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று மண்டைக்குள் இருக்கும் குழிகள் வழியே புகுந்து கண்ணீரை வெளியே தள்ளுகிறதோ என்பது அவருடைய ஊகம்.