நடையும் நிறையும்

தைப்பொங்கல் கழிந்ததும் புதுச் சப்பாத்து அணிந்து மைதானத்தைச் சுற்றி நடப்போரை மாசி பிறந்தபின் காண்பது அரிது. உடல் மெலியவேண்டுமென்று தொடங்கியவர்கள் அவர்கள். இரு கிழமை நடந்தபின் தராசில் ஏறிப் பார்க்கின்றனர். முள் அசையவில்லை. நடந்தும் பயனில்லையென்று விட்டுவிடுகின்றனர். அவர்களைச் சோம்பர் என்று பழித்தல் நியாயமன்று. அவர்கள் நடையைத் தவறான கோலால் அளந்தனர்.

கணக்கைச் சற்றே நோக்குவோம். 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் ஏறக்குறைய 130 கலோரி செலவாகும். சீனி இட்ட பால்தேநீரும் ஓர் உழுந்துவடையும் அச்செலவை ஈடுசெய்துவிடும். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பிற் சேர்ந்திருப்பதோ சுமார் 7,700 கலோரி. உணவு சிறிதும் கூடாதிருந்தாலும், அதனைக் கரைக்க நாடோறும் இரண்டு மாதம் நடக்கவேண்டும். நடந்த பசியில் இன்னும் ஒரு பிடி புட்டு உண்டால் அதுவுமில்லை. ஆகவே மெலிய விரும்புவோர் சோற்றின் அளவையும் தேநீரில் இடும் சீனியையும் முதலிற் குறைத்தல் வேண்டும். அவ்வாறு குறைந்த நிறை மீண்டும் ஏறாமற் காப்பதில் நடை பெரிதும் உதவும்.

நடையின் தலையாய பயன் வேறிடத்தில் இருக்கிறது. இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளே அதனை முதலில் உலகுக்கு உணர்த்தின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மாரடைப்பு பெருகிவருவதன் காரணத்தைத் தேடிய ஜெரி மொரிஸ் என்னும் வைத்தியர், அவ்வண்டிகளின் சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இருவரும் ஒரே வண்டியில், ஒரே தெருக்களில் உழைப்பவர்கள். சாரதி நாள் முழுதும் ஆசனத்தில் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 படிகள் ஏறுபவர். 1953 இல் ‘லான்செற்’ வைத்திய இதழில் ஆய்வின் முடிவு வெளிவந்தது. நடத்துநர்க்கு மாரடைப்புக் குறைவு; வந்தபோதும் வயது சென்றே வந்தது; கடுமையும் குறைந்திருந்தது.

சாரதிமார் முன்பே பருத்தவர்களாய் இருந்திருக்கலாமே என்ற ஐயம் எழுதல் இயல்பு. மொரிசுக்கும் எழுந்தது. சீருடை தைப்பதற்காக எடுத்துவைத்திருந்த இடுப்பளவுகளைப் பெற்று ஆராய்ந்து, 1956 இல் அதனையும் வெளியிட்டார். சாரதிமாரின் காற்சட்டைகளே பெரியவை! (தையற்காரரின் அளவுநாடா வைத்திய ஆராய்ச்சிக்கு இவ்வளவு பயன்பட்டது வேறெங்குமுண்டோ?) ஆயினும், மெலிந்தவரை மெலிந்தவரோடும் பருத்தவரைப் பருத்தவரோடும் ஒப்பிட்டபோதும் நடத்துநர்க்கே ஆபத்துக் குறைந்திருந்தது. இடுப்புச் சுருங்காத நடத்துநரின் இருதயத்தையும் அவர் ஏறிய படிகள் காத்தன என்பதே இதன் பொருள். மொரிஸ் 2009 இல் தமது 99 ஆம் வயதிற் காலமானார்.

நம்மவர்க்கு இதனினும் அணுக்கமானது சலரோகம். அந்நோயின் வாயிலில் நின்றோரை அமெரிக்காவில் ஆராய்ந்தனர். உணவைக் குறைத்து, கிழமைக்கு 150 நிமிடம் நடைபோன்ற பயிற்சி செய்து, நிறையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைக்கும்படி ஒரு பிரிவினர்க்குக் கூறினர். அவர்களிடையே சலரோகம் நூற்றுக்கு 58 வீதம் குறைந்ததென 2002 இல் அறிவித்தனர். நடக்கும்போது காற்றசைகள், இன்சுலினை அவ்வளவாக எதிர்பாராமலே, இரத்தத்திலுள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்கின்றன. உண்ட களை தொண்டனுக்கும் உண்டென்பர். அக்களைக்கு இடங்கொடாது, உணவின்பின் 10 அல்லது 15 நிமிடம் முற்றத்தில் உலாவினாலும் குருதியிற் சீனி ஏறும் வேகம் தணியும்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி வைத்தே தீரவேண்டுமென்று அஞ்சுவோரும் உளர். அவ்வெண், 1965 இல் ஜப்பானிய நிறுவனமொன்று தன் அடியெண்ணும் கருவிக்குச் சூட்டிய பெயரிலிருந்து பரவியது, வைத்தியர் விதித்ததன்று.

நடக்கும்போது பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். வேகத்துக்கு இவ்வளவே போதும். இல்லத்தரசிகள் வீட்டுவேலையே நடையென்பர். அவ்வேலையின் களைப்பை மறுப்பாரில்லை. ஆனால் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் இடையிலான நடையில் மூச்சு விரைவதில்லை. அவர்கட்கு அரைமணி நேரம் ஒழித்துக்கொடுப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை. நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே நின்று வைத்தியரை நாடுக. இன்சுலின் ஏற்றுவோர் மடியிற் சிறிது இனிப்பு வைத்திருத்தல் நன்று. பாதத்தில் உணர்ச்சி குன்றிய சலரோகியர் வெறுங்காலோடு நடத்தலாகாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.