கொடியின் குலம் காட்டும் வெட்டுமுகம்

திராட்சையும் பிரண்டையும் ஒரே குடும்பம். ஏறத்தாழ 900 இனங்கள் அடங்கிய இக்குடும்பத்துக் கொடிகளின் பொது அடையாளம் இலைக்கு எதிர்ப்பக்கத்தில் முளைக்கும் தந்து. மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டனில் இனத்தைப் பிரித்தறிய அந்த ஓர் அடையாளம் போதாது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரச் சரிவும் வறண்ட சரிவும் இங்கே அருகருகே கிடக்கின்றன. ஈரக் காட்டில் பெருங்கொடிகள் மரவுச்சியில் வெயிலைக் கண்ட பின்பே பூக்கும். கைக்கு எட்டுவது ஓர் இலையும் ஒரு துண்டுத் தண்டும்தான். அவற்றை மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் விடையை நெருங்கலாம்.

முதலில் இலை. யாழ்ப்பாணத்துப் பந்தல்களில் படரும் திராட்சையின் இலையில், காம்பு சேரும் இடத்திலிருந்து ஐந்து பெருநரம்புகள் விரிகின்றன. மேற்றோலுக்குக் கீழே ஒரே அடுக்கு வேலிக்காற் கலங்கள். அவற்றின் கீழ் காற்றிடைவெளி மிகுந்த கடற்பஞ்சுக் கலங்கள். இலைவாய்கள் அடிப்புறத்திலேயே உள்ளன. அடிச்சாம்பல் நோய்க்கிருமி அந்த வாய்களின் வழியே நுழைவதால், மருந்து இலையின் அடியிலும் படவேண்டும். இளந்தளிரின் அடியில் கண்ணாடி மணிபோல் நிற்பவை முத்துச் சுரப்பிகள். பூச்சி முட்டையென்று நினைத்துப் பலர் அவற்றைத் துடைத்துவிடுவதுண்டு. இலையைக் கிள்ளிப் பார்த்தால் கல்சியம் ஒக்சலேற்று ஊசிகள் கட்டுக்கட்டாக வெளிவரும். பிரண்டை நறுக்கும் கை அரிப்பதும், நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவதும் அந்த ஊசிகளால்தான்.

தண்டில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. திராட்சைத் தண்டில் நீரைக் கடத்தும் காழ்க்கலன்கள் மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கைத் தாண்டும் அகலமுள்ளவை. வெட்டுமுகத்தில் வெறுங்கண்ணுக்கே துளைகளாகத் தெரியும். அகன்ற கதிர்கள் காழைத் துண்டு துண்டாகப் பிரிப்பதால், கொடி முறுக்கினாலும் கலன்கள் எளிதில் நசுங்குவதில்லை. பட்டை நார்நாராக உரியும். நடுச்சோறு பழுப்பு நிறம். கணுவில் ஒரு குறுக்குத் தடுப்பு அதை மறிக்கும். வட அமெரிக்க மசுக்கடைன் திராட்சையில் அந்தத் தடுப்பு இல்லை, பட்டையும் அப்படி உரியாது. கணுவை நெடுக்காகப் பிளந்தாலே இரண்டும் பிரிந்துவிடும்.

பிரண்டை வறண்ட நிலத்துக்கு ஏற்ப மாறியது. இலைகள் விரைவில் உதிர, பச்சைத் தண்டே உணவு தயாரிக்கிறது. தண்டின் இலைவாய்கள் இரவில் திறக்க, உள்வரும் காபனீரொட்சைட்டைத் தண்டு மலிக் அமிலமாகச் சேமிக்கிறது. நான்கு விளிம்புகளிலும் தடித்த சுவருள்ள கலங்கள் நாராகத் திரண்டிருக்கும். துவையலுக்கு முன் உரித்தெறியப்படுவது அந்த நாரே.

சிங்களத்தில் புருல்ல எனப்படும் லீயா, இக்குடும்பத்துக்கு மிக நெருங்கிய ஈரக்காட்டுச் செடி. அதற்குத் தந்து கிடையாது. கொடியாகாமல் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் முத்துச் சுரப்பியும் ஊசிப் பளிங்கும் அதிலும் உண்டு. வெளித்தோற்றம் மறைக்கும் உறவை உள்ளமைப்பு காட்டிக்கொடுக்கிறது.

மரபணுச் சோதனை இருக்கையில் சவர அலகால் சீவிச் சாயமேற்றிப் பார்ப்பது எதற்கு என்று கேட்போர் உண்டு. அச்சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, சரியாகப் பெயரிட்ட மாதிரி வேண்டும்.

அந்த மாதிரிகள் கிடைக்கும் இடம் நிலைக்குமா என்பதே பெரிய கவலை. நக்கிள்ஸ் காடுகளில் ஏலக்காய்க்காக நெடுங்காலம் அடிக்காடு வெட்டப்பட்டது. அங்கே முதலில் கத்திபட்டவை கொடிகள். மரம் விழுந்தால் எவரும் கேட்பார்கள். கொடி அறுந்தால் துப்புரவு என்பார்கள். அடியில் ஒரு வெட்டு விழுந்தால், உச்சியில் பூத்துக் காய்த்துப் பறவைகளுக்கு இரைதந்த முழுக் கொடியும் காய்ந்துபோகும். மத்திய மலைநாட்டின் அங்கமாக இத்தொடர் 2010இல் உலக மரபுரிமையானது. பாதுகாப்பின் பேச்சில் மரமும் விலங்கும் அருவியும் அடிபடும் அளவுக்குக் கொடிகள் அடிபடுவதில்லை. பாதையோரம் துப்புரவாக்கும்போதும் கொடிகளே முதலில் போகின்றன.

ஒரு கொடியைப் பதிவுசெய்ய வேண்டியவை சில: முதிர்ந்த இலை, தளிர், தந்தோடு கூடிய கணு, அடித்தண்டின் ஒரு சிறு துண்டு. கணுவை நெடுக்காகவும் கணுவிடையைக் குறுக்காகவும் வெட்ட வேண்டும். பூ கிடைக்காத கொடிக்கும் அதன் பேரினத்தை நெருங்க இவை வழிகாட்டும்.